கட்டிலை விட்டு இறங்கிய குழாய்

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் பெரியப்பாவுக்குத் திடீரென்று சிறுநீர் அடைத்துக்கொண்டது. அப்போது அவருக்கு வயது எழுபத்திரண்டு. ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். புராஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர் செல்லும் வழியை நெருக்கிவிட்டது என்று கூறிய மருத்துவர், மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்றைச் செலுத்தினார். தேங்கிய நீர் வடிந்தது, வலியும் நின்றது. சுரப்பியை அறுவை செய்து சரிப்படுத்தலாம். ஆனால் சில மாதங்களுக்கு முன்புதான் அவருடைய இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். இரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மாத்திரைகளை உடனே நிறுத்த இயலாது. எனவே சில மாதங்கள் குழாயும் பையுமாகவே இருக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

இரண்டரை மணி நேரப் பேருந்துப் பயணம். சிறுநீர்ப் பை பிறர் கண்ணில் படக்கூடாதே என்று பெரியப்பா அதை ஒரு மஞ்சள் துணிப்பைக்குள் போட்டு, மடியில் வைத்து, மேலே துண்டைப் போர்த்திக்கொண்டார். பாதி வழியில் அடிவயிறு கனக்கத் தொடங்கியது. வீடு வந்து பையைத் தரையில் வைத்ததும் மளமளவென்று வடிந்தது. மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல் கண்டது. காய்ச்சல் தணிந்த பிறகும் அவர் வாசலைத் தாண்டவில்லை. நூலகம் இல்லை, தேநீர்க்கடை இல்லை, கோவில் இல்லை. "இனிமே எனக்கு எதுக்குப்பா ஊர் சுத்தல்?" என்றார்.

ஒரு தொட்டியை ஒரு குழாய் நிரப்புகிறது, மற்றொரு குழாய் வடிக்கிறது என்ற கணக்கை எத்தனையோ ஆண்டு கரும்பலகையில் போட்டவர் அவர். நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் பாயும் என்பது அவருக்குத் தெரியாததன்று. ஆனால் வெட்கம் பையை மடிக்கு ஏற்றியது. பை மேலேறியதும் பௌதிக விதி தன் வேலையைச் செய்தது. அந்த நாளில்தான் இந்தக் குழாயைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். கதீட்டர் என்று மருத்துவர்கள் அழைக்கும் இந்தக் குழாயின் வரலாறு, பெரும்பாலும் அது எந்தப் பொருளால் செய்யப்பட்டது என்பதன் வரலாறாகவே எழுதப்படுகிறது. சற்று ஊன்றிப் பார்த்தால், நோயாளியைக் கட்டிலிலிருந்து எழுப்பி வெளியே அனுப்ப மனிதர் எடுத்த முயற்சிகளின் வரலாறாகவும் அது இருப்பதைக் காணலாம்.

நெய் தடவிய குழாயும் வெங்காயத் தாளும்

சிறுநீர் அடைப்பு மனித இனத்தோடு பிறந்த துன்பம். கட்டிக்கொண்ட நீர் வெளியேறாவிட்டால் ஓரிரு நாட்களில் பொறுக்கமுடியாத வலி. பின்னர் சிறுநீரகங்கள் செயலிழக்கும். ஆகவே பழைய நாகரிகங்கள் பலவும் இதற்கு ஒரு குழாயைக் கண்டுபிடித்ததில் வியப்பில்லை. நம் நாட்டின் சுசுருத சங்கிதை, இரும்பு, மரம் அல்லது அரக்கால் ஆன, இரு முனையும் திறந்த குழாயில் நெய் தடவிச் சிறுநீர் வழியில் செலுத்துவதைப் பற்றிக் கூறுகிறது. சீனத்தில் 7ஆம் நூற்றாண்டு மருத்துவரான சுன் சிமியாவோ, உள்ளே வெற்றிடமுள்ள வெங்காயத் தாளைக் குழாயாகப் பயன்படுத்தும் முறையை எழுதிவைத்தார். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்த பாம்பே நகரைத் தோண்டியபோது வெண்கலக் கதீட்டர்கள் கிடைத்தன. ஆண்களின் சிறுநீர் வழியில் உள்ள வளைவுகளுக்கு ஏற்ப, ஆங்கில எழுத்து எஸ் போல அவற்றை வளைத்திருந்தார்கள். கதீட்டர் என்ற சொல்லே 'கீழே இறக்குதல்' என்னும் பொருளுடைய கிரேக்க வினையிலிருந்து வந்ததுதான்.

இக்கருவிகள் அனைத்துக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. மருத்துவர் வருவார், குழாயை இறக்குவார், நீரை வடிப்பார், குழாயை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அடைப்பு மீண்டும் வந்தால் அவர் மீண்டும் வரவேண்டும். வளையாத வெண்கலக் குழாயை உடலில் வைத்துக்கொண்டு யாரும் நடமாட இயலாது. ஆகவே நோயாளி வைத்தியர் வீட்டுக்கு எட்டிய தொலைவிலேயே வாழ வேண்டியிருந்தது.

பிராங்க்ளினின் வெள்ளிக் குழாய்

இயற்பியல் மாணவர்களுக்கு 1752ஆம் ஆண்டு நன்கு தெரியும். மின்னலும் மின்சாரமே எனக் காட்டுவதற்கு பெஞ்சமின் பிராங்க்ளின் பட்டம் விட்ட ஆண்டு அது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் செய்த மற்றொரு காரியம் நம் பாடநூல்களில் இடம்பெறவில்லை. பாஸ்டனில் இருந்த அவருடைய அண்ணன் ஜான், சிறுநீர்ப்பைக் கல்லால் துன்புற்றுவந்தார். விறைத்த உலோகக் குழாய் அவருக்குப் பெரும் வேதனை தந்திருக்கவேண்டும். பிலடெல்பியாவில் இருந்த பிராங்க்ளின், வளைந்துகொடுக்கும் குழாய் ஒன்றை மனத்தில் வகுத்துக்கொண்டு வெள்ளித் தட்டாரிடம் சென்றார். அது முடியும்வரை உடனிருந்தே செய்வித்து அண்ணனுக்கு அனுப்பினார்.

திருகு போன்ற அமைப்புடைய வெள்ளிக் குழாய் அது. வழியின் வளைவுகளுக்கு ஏற்ப வளையும். ஆனாலும் உள்ளே தள்ளுவதற்குப் போதிய விறைப்பு இருக்கும். விறைப்பு போதாவிட்டால் உள்ளே நுழைப்பதற்கு ஒரு கம்பியும், மேலே போர்த்துவதற்கு விலங்குக் குடலாலான மெல்லிய உறையும் உண்டு. இவற்றையெல்லாம் எப்படிப் பயன்படுத்துவதென்று பிராங்க்ளின் கடிதத்தில் விளக்கமாக எழுதினார். வளையும் குழாய்கள் ஐரோப்பாவில் அதற்கு முன்பே முயலப்பட்டிருந்தன. ஆனாலும் பிராங்க்ளினின் கடிதத்தில் ஒரு புதுமையைக் காண்கிறோம். அந்தக் குழாய் மருத்துவரின் பெட்டிக்குச் செல்லவில்லை. நோயாளியின் கைக்கே தபாலில் சென்றது.

முதுமையில் பிராங்க்ளினையும் அதே கல் நோய் பற்றியது. 1785இல் பிரான்சிலிருந்து தாய்நாடு திரும்பியபோது அவருக்கு வயது 79. குதிரை வண்டியின் ஒவ்வொரு குலுக்கலும் சிறுநீர்ப்பையில் கத்தியாய்க் குத்தியது. ஆகவே கோவேறு கழுதைகள் சுமக்கும் அரச குடும்பத்துப் பல்லக்கு ஒன்றை வரவழைத்து, அதில் படுத்தபடியே துறைமுகம் சென்றார். 1787இல் அமெரிக்க அரசியல் சட்டத்தை வகுத்த மாநாட்டுக்கும் அவர் பல்லக்கு நாற்காலியில் சென்றதுண்டு. சிறுநீர் நோயாளி ஒருவர் பொது இடத்துக்குச் செல்ல அன்று தேவைப்பட்டது பல்லக்கும் அதைச் சுமக்க ஆட்களுமே. எல்லாருக்கும் அரசகுடும்பத்துப் பல்லக்கு கிடைக்குமா?

தொப்பிக்குள் ஒரு குழாய்

அடுத்த மாற்றத்தைக் கொண்டுவந்தது ரப்பர். இயற்கை ரப்பர் வெப்பத்தில் பிசுபிசுக்கும், குளிரில் வெடிக்கும். அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839இல் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் வழியைக் கண்டார். கந்தக அணுக்கள் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைக்கின்றன. அதனால் இழுத்தாலும் அது பழைய உருவுக்குத் திரும்புகிறது. உடல் வெப்பத்தில் இளகுவதில்லை. 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அகஸ்டே நெலாட்டன் இத்தகைய ரப்பரால் மென்மையான சிவப்புக் குழாயை அமைத்தார். அதைச் செலுத்தும்போது உலோகக் குழாயைப்போல வழியைக் கிழித்துவிடும் ஆபத்து வெகுவாகக் குறைந்தது.

கதீட்டர்களின் பருமனை அளக்க இன்றும் உலகெங்கும் வழங்கும் அளவும் அக்காலத்துப் பாரிஸின் கொடையே. கருவிகள் செய்த ஷாரியேர் என்பவர் வகுத்த அந்த அளவில், ஒரு பிரெஞ்சு என்பது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. பெரியவர்களுக்கு வைக்கும் 16 எண் குழாயின் வெளிவிட்டம் 5.3 மி.மீ. என்று நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வளையும் குழாய் வந்ததும் நோயாளிகள் தாமே அதைச் செலுத்திக்கொள்ளக் கற்றார்கள். 19ஆம் நூற்றாண்டின் முதிய கனவான்கள் தொப்பியின் உட்பட்டையிலும், உள்ளே குடைந்த கைத்தடியிலும் குழாயை மறைத்து எடுத்துச் சென்றதுண்டு. கைத்தடி ஊன்றி நடைபோகும் பெரியவரைப் பார்த்து எவரும் ஐயுறமாட்டார்கள். பெரியப்பாவின் மஞ்சள் பைக்கு முன்னோடி அந்தக் கைத்தடிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இந்தச் சுதந்திரத்துக்கு விலை அதிகம். நுண்ணுயிர்கள் நோயை உண்டாக்குகின்றன என்பது நிலைநாட்டப்படாத காலம். கழுவாத குழாய், எண்ணெய் தடவிய குழாய், சட்டைப்பையில் கிடந்த குழாய் எல்லாம் உள்ளே சென்றன. 'கதீட்டர் வாழ்க்கை' என்றே ஒரு தொடர் மருத்துவர்களிடையே வழங்கியது. பலருக்கு அந்த வாழ்க்கை நீளமாக இல்லை. தொற்று சிறுநீரகத்துக்கு ஏறி உயிரைக் குடித்தது. ஜோசப் லிஸ்டர் 1867இல் கிருமிகொல்லி அறுவை முறையை வெளியிட்ட பின்னரே நிலைமை மெல்ல மாறத் தொடங்கியது.

பலூன் செய்த புரட்சி

குழாயை உள்ளேயே நிலைநிறுத்த முடிந்தால் நாளுக்குப் பலமுறை செலுத்தவேண்டியதில்லை. இதற்காக நூலால் கட்டினார்கள், பட்டையால் ஒட்டினார்கள், சிறகு போன்ற நுனிகளை அமைத்தார்கள். இவற்றுக்கெல்லாம் மேலான தீர்வைக் கண்டவர் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த பிரடெரிக் ஃபோலி. குழாயின் நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு பலூன். அதை நிரப்புவதற்கு குழாய்ச் சுவருக்குள்ளேயே மற்றொரு நுண்ணிய வழி. உள்ளே சென்றதும் பலூனில் நீரை ஏற்றினால் குழாய் வெளியே நழுவாது. நீரை உறிஞ்சி எடுத்தால் எளிதில் வெளிவரும். 1930களின் நடுவில் அவர் இதை மருத்துவர்களின் முன் வைத்தார். காப்புரிமை மட்டும் அவருக்குக் கிட்டவில்லை. ரப்பர் நிறுவனம் ஒன்றைச் சேர்ந்த பால் ரைஷ் சில மாதங்கள் முந்திக்கொண்டார். ஃபோலி வழக்காடியும் முடிவில் பயனில்லை. ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. இன்று எந்த மருந்துக்கடையில் கேட்டாலும் 'ஃபோலி' என்றால் புரிந்துகொள்வார்கள்.

பத்து மில்லிலிட்டர் நீர் ஏற்றிய பலூனைக் கோளமாகக் கொண்டால் அதன் விட்டம் சுமார் 2.7 செ.மீ. ஒரு நெல்லிக்காய் அளவு. அந்த நெல்லிக்காய்தான் குழாயைத் தாங்குகிறது. அதில் காற்றுக்குப் பதில் தூய நீரை நிரப்புவது ஏன்? காற்று ரப்பரின் ஊடே கசிந்து வெளியேறும். விமானத்தில் சென்றால் மற்றொரு தொல்லையும் உண்டு. பறக்கும் விமானத்தின் உட்புற அழுத்தம், சுமார் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையின்மீது இருக்கும் அழுத்தம்வரை குறையலாம். அதாவது தரையில் உள்ளதில் ஏறக்குறைய முக்கால் பங்கு. பாயில் விதிப்படி அப்போது காற்றின் பருமன் மூன்றில் ஒரு பங்கு கூட முயலும். நீரோ அப்படி விரிவதில்லை. உப்பு நீரை நிரப்பினால் உப்பு படிந்து நுண்வழியை அடைத்துவிடக்கூடும். எனவேதான் தூய நீர்.

வாளியிலிருந்து பைக்கு

ஃபோலி குழாய் வந்தும் நோயாளி கட்டிலை விட்டு இறங்கவில்லை. காரணம், குழாயின் மறுமுனை. அது கட்டிலருகே ஒரு திறந்த பாட்டிலிலோ வாளியிலோ தொங்கிக்கொண்டிருந்தது. வாளியில் பெருகிய பாக்டீரியா குழாய் வழியே மேலேறியது. இம்முறையில் நான்கு நாட்களுக்குள் ஏறக்குறைய எல்லா நோயாளிகளின் சிறுநீரிலும் பாக்டீரியா தோன்றிவிடும்.

இலண்டனில் கத்பர்ட் டியூக்ஸ் 1920களின் இறுதியிலேயே மூடிய வடிகால் முறையை விளக்கியிருந்தார். ஆனால் அது பரவுவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. 1966இல் அமெரிக்காவில் கேல்வின் கூனினும் மெக்கார்மக்கும், குழாயையும் பையையும் ஒரே மூடிய தொடராக வைத்தால் தொற்று பெரிதும் பிந்துகிறது என்று நிறுவினார்கள். மலிவான பிளாஸ்டிக் அதற்குள் வந்துவிட்டதால் கண்ணாடிப் பாட்டிலின் இடத்தை மெல்லிய பை பிடித்தது. தொற்றைத் தடுக்கவே பையை மூடினார்கள். ஆனால் மூடிய பையைத் தொடையிலோ கெண்டைக்காலிலோ கட்டிக்கொண்டு நடக்கவும் முடியும் அல்லவா? கால்பை அப்படித்தான் நோயாளியின் தோழனாயிற்று.

சக்கர நாற்காலியும் வில்லும்

நோயாளியை வெளியே அனுப்பும் எண்ணத்தை ஒரு கொள்கையாகவே கொண்டவர் லுட்விக் குட்மன். ஜெர்மனியிலிருந்து 1939இல் தப்பி இங்கிலாந்து வந்த யூத நரம்பியல் மருத்துவர் இவர். முதல் உலகப்போரில் முதுகுத்தண்டில் அடிபட்ட வீரர்களில் பெரும்பாலோர் விரைவில் மாண்டார்கள். அவர்களைக் கொன்றவற்றில் முதன்மையானவை படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும். 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் இத்தகையோருக்கான பிரிவைத் தொடங்கிய குட்மன், குழாயை நிலையாக வைக்காமல் நாளுக்குச் சில முறை, கிருமி படாத கண்டிப்பான முறையில் செலுத்தி எடுத்தார். அம்முறையால் கண்ட பயனை 476 நோயாளிகளின் அனுபவத்தோடு 1966இல் அவரும் ஃபிராங்கலும் வெளியிட்டார்கள்.

உயிர் பிழைத்தவர்களை அவர் சும்மா விடவில்லை. இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 1948 ஜூலை 29இல், மருத்துவமனைத் திடலில் சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேருக்கு வில்வித்தைப் போட்டி வைத்தார். பன்னிரண்டு ஆண்டுகளில், 1960இல், ரோம் நகரில் 23 நாடுகளின் 400 வீரர்கள் கூடினார்கள். இன்று பாராலிம்பிக் என்று வழங்குவது அதுவே. முதுகுத்தண்டு செயலற்றவர் ஒருவர் கடல் கடந்து வேற்று நாட்டு விளையாட்டரங்கில் நாள் முழுதும் இருக்கிறார் என்றால், சிறுநீர் பற்றிய ஏற்பாடு சரியாக இருக்கிறது என்றே பொருள். பதக்கப் பட்டியலில் அந்த ஏற்பாட்டுக்கு இடமில்லை.

1966 தமிழ்நாட்டுக்கும் முக்கியமான ஆண்டு. 1954இல் வண்டி விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை செய்யக் கற்று, நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அவர் வளர்த்த துறையின் சார்பில், உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது அவ்வாண்டில்தான். முதுகுத்தண்டு முறிந்தவர் வீட்டு மூலையில் காலம் தள்ளுவதுதான் விதி என்றிருந்த நாட்டில் இது பெரிய மாற்றம்.

சோப்பும் தண்ணீரும்

குட்மனின் முறைக்கு ஒரு குறை உண்டு. கையுறை, கிருமி நீக்கிய கருவிகள், பயின்ற கைகள் இவையெல்லாம் வேண்டும். இவற்றை எவர் பேருந்தில் எடுத்துச் செல்வார்?

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜாக் லாபிடஸ் இதற்கு எதிர்பாராத விடை சொன்னார். அவருடைய வாதம் இயற்பியலை ஒட்டியது. சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி நிறைந்தால் அதன் சுவர் இழுபடும். கோளத்தின் சுவரில் ஏற்படும் இழுவிசை, உள்ளழுத்தத்தோடு ஆரத்தையும் பொறுத்துக் கூடும் என்பது லாப்லாஸ் கூறிய விதி. இழுபட்ட சுவருக்குள் இரத்த ஓட்டம் குறையும்; இரத்தம் குறைந்தால் கிருமியை எதிர்க்கும் ஆற்றலும் குறையும். எனவே ஒருசில கிருமிகள் உள்ளே செல்வதைவிட, பை நிறைந்து வீங்குவதே பெருந்தீங்கு. சோப்பும் நீரும் கொண்டு கழுவிய கைகள், கழுவிய குழாய், காலந்தவறாமல் வடித்தல் ஆகியவை போதும் என்றார். 1972இல் இக்கட்டுரையை அவரோடு சேர்ந்து எழுதியவர்களில், நோயாளிகளுக்கு இம்முறையைக் கற்பித்த செவிலியர் பெட்டி லோவும் ஒருவர்.

மருத்துவ உலகம் முதலில் முகம் சுளித்தது. ஆனால் நோயாளிகள் அதைப் பற்றிக்கொண்டார்கள். பள்ளிச் சிறுமிகூடத் தன் பையில் ஒரு குழாயை வைத்துக்கொண்டு, இடைவேளையில் கழிப்பறைக்குச் சென்று திரும்பலாம். 1980களில் நீர் பட்டதும் வழுவழுப்பாகும் குழாய்களும் சந்தைக்கு வந்தன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் குழாய்கள் கிடைக்கும் இடங்களில் அவற்றையே இன்று பெரும்பாலும் பரிந்துரைக்கிறார்கள். எனினும் லாபிடஸின் அடிப்படைக் கருத்து மாறவில்லை. அவருக்குப் பின் நோயாளிக்குத் தேவைப்பட்டவை தாழ்ப்பாளுள்ள ஓர் அறையும், கைகழுவக் கொஞ்சம் தண்ணீரும் மட்டுமே. அந்த எளிய இரண்டையும் இன்னும் எத்தனை பேருந்து நிலையங்கள் தரவில்லை!

பயணத்துக்கான பௌதிகம்

இத்தனையும் படித்தபின் பெரியப்பா வீட்டுக்குச் சென்றேன். அவருக்குப் பிடித்த முறையில், தாளில் கணக்காகவே போட்டுக்காட்டினேன்.

நிறைந்துவரும் சிறுநீர்ப்பையின் உள்ளழுத்தம் சில செ.மீ. நீர்த்தம்பத்தின் அழுத்தத்துக்குச் சமம். பையை மடியில் வைத்தால் அது சிறுநீர்ப்பையைவிடப் பத்து செ.மீ. உயரத்தில் இருக்கலாம். குழாயில் நிற்கும் நீர்த்தம்பம் எதிர்த்துத் தள்ளுகிறது, வடிதல் நிற்கிறது, குழாயிலும் பையிலும் உள்ள பழைய நீர் திரும்பிப் பாயப் பார்க்கிறது. பையின் வாயில் ஒருவழித் தடுக்கிதழ் இருந்தாலும் குழாயில் நிற்கும் நீரை அது தடுக்காது. ஆகவே பேருந்தின் கைப்பிடிக் கம்பியில் பையை மாட்டுவதும் மடியில் வைப்பதும் தவறு. தொடைக்குக் கீழே, காலோடு கட்டுவதே சரி. இரயிலில் கீழ்ப்படுக்கை நல்லது. இரவுப் பையைப் படுக்கைக்குக் கீழே, தரையில் படாமல் தொங்கவிடலாம்.

நாளுக்கு ஒன்றரை லிட்டர் சிறுநீர் என்றால் மணிக்கு ஏறக்குறைய 60 மி.லி. கால்பை 500 மி.லி. கொள்ளும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் காலி செய்யவேண்டும் என்பது விதி. அதாவது ஐந்து மணி நேரம் போல வரும். தேநீர் குடித்தால் இன்னும் விரைவில். நிறைந்த பை தன் எடையால் குழாயை இழுக்கும்.

"அப்போ தண்ணியே குடிக்காம போயிட்டா?" என்று பெரியப்பா கேட்டார். பயணம் செல்பவர் பலரும் செய்வது அதுதான், அதுவே கேடு. சிறுநீர் சுண்டினால் எரிச்சலூட்டும். குழாயும் எளிதில் அடைபடும். சிலவகைப் பாக்டீரியா யூரியாவைச் சிதைத்து அம்மோனியா உண்டாக்கும். சிறுநீர் காரத்தன்மை அடைந்து, கால்சியம், மக்னீசியம் உப்புகள் படிகமாகிக் குழாயின் உட்சுவரில் படியும். உள்விட்டம் பாதியாகக் குறைந்தால், அதே அழுத்த வேறுபாட்டில் நீரோட்டம் பாதியாகக் குறைவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிவிடும். இது பாய்சோய் விதி. இருக்கைக்கு அடியில் குழாய் மடிந்து நசுங்கினாலும் இதே கதைதான். முதுகுத்தண்டின் மேற்பகுதியில் அடிபட்டவர்களுக்கு இப்படி அடைப்பது உயிருக்கே ஆபத்து. இரத்த அழுத்தம் திடீரென்று உச்சத்துக்கு ஏறக்கூடும்.

பையைத் திறக்கும் முன்னும் பின்னும் கைகழுவ வேண்டும். வடிமுனை கழிப்பறைக் கோப்பையில் படக்கூடாது. குழாயையும் பையையும் காரணமின்றிப் பிரிக்கக்கூடாது. மாற்றுப் பை ஒன்றும், குழாயின் எண்ணையும் மருத்துவமனைத் தொலைபேசியையும் எழுதிய சீட்டு ஒன்றும் உடனிருப்பது நல்லது. காய்ச்சல், இரத்தம், வடியாமை இவற்றில் எது கண்டாலும் பயணத்தை நிறுத்தி மருத்துவரைப் பார்க்கவேண்டும். பைக்குப் பதிலாகக் குழாய் முனையில் சிறு திருகுவால்வு பொருத்திக்கொள்ளும் முறையும் உண்டு. அது எல்லாருக்கும் பொருந்தாது. மருத்துவரே முடிவு செய்யவேண்டும்.

பெரியப்பா தாளை நெடுநேரம் பார்த்தார். "இந்தக் கணக்கை அன்னிக்கே ஒருத்தர் சொல்லியிருந்தா அந்தக் காய்ச்சல் வந்திருக்காதே" என்றார். அவர் சொன்னது உண்மை. குழாயை வைக்க ஐந்து நிமிடம் செலவிட்டவர்கள், அதோடு வாழ்வதைச் சொல்லித்தர மேலும் ஐந்து நிமிடம் செலவிடவில்லை.

மண்டபத்தில்

இரண்டு மாதம் கழித்து அவருடைய பேத்திக்குத் திருமணம். ஆறு மணி நேரப் பயணம். முதலில் வரமாட்டேன் என்றார். பிறகு கால்பை வாங்கிவரச் சொன்னார். கெண்டைக்காலில் கட்டி வேட்டியை இறக்கிவிட்டதும் ஒன்றும் தெரியவில்லை. பிராங்க்ளின் நாட்டுக் கால்சட்டையைவிட நம் வேட்டி இதற்கு ஏற்றது என்று அவரே சொல்லிச் சிரித்தார். வழியில் இரண்டு இடங்களில் வண்டியை நிறுத்தினோம். முதல் இடத்தில் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. நான் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் இடத்தில் தாழ்ப்பாள் இருந்தது, தண்ணீர் இல்லை. குடிக்க வைத்திருந்த நீரில் அவர் கைகழுவினார்.

பிரிட்டனில் 1981இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். உடற்குறையுடையோருக்கான பொதுக் கழிப்பறைகளுக்கு நாடெங்கும் ஒரேவகைப் பூட்டு. தேவைப்படுவோர் கையில் ஒரு சாவி. அந்தச் சாவி இருந்தால் புதிய ஊருக்கும் அச்சமின்றிச் செல்லலாம். நம் நாட்டிலும் 1995ஆம் ஆண்டுச் சட்டம் இதைப் பற்றிப் பேசியது. அதன் இடத்தில் வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம், பொது இடங்களும் போக்குவரத்தும் எல்லோரும் அணுகத்தக்கனவாக இருக்கவேண்டும் என்கிறது. வெண்கலம் வெள்ளியாகி, வெள்ளி ரப்பராகி, ரப்பர் சிலிகானாக மாறப் பல நூற்றாண்டுகள் ஆயின. கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட அத்தனை காலம் வேண்டியதில்லை.

வாசகர்களில் பொறியாளர்கள் இருக்கலாம். ஊராட்சி உறுப்பினர்கள் இருக்கலாம். திருமண மண்டபம் கட்டுவோரும் இருக்கலாம். உங்கள் பொறுப்பில் உள்ள கழிப்பறையை ஒருமுறை சென்று பாருங்கள். தாழ்ப்பாள் விழுகிறதா, குழாயில் நீர் வருகிறதா, பையை மாட்ட ஒரு கொக்கி இருக்கிறதா, பிடித்துக்கொண்டு குனிய ஒரு கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். செலவு சில நூறு ரூபாய்.

அன்று மண்டபத்தில் பெரியப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தாலி கட்டும் நேரத்தில் எழுந்து அட்சதை தூவினார். பந்தியில் பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கியபோது என்னைப் பார்த்து, "மணிக்கு அறுபதுன்னு போட்டியே, இதையும் கணக்குல சேத்துக்கோ" என்றார். அடுத்த மாதம் அறுவை நல்லபடியாக முடிந்து குழாயையும் எடுத்துவிட்டார்கள். மீதியிருந்த பிரிக்காத கால்பை ஒன்றை அவர் தூக்கி எறியவில்லை. அதே தெருவில் மூன்றாம் வீட்டில் குழாய் வைத்துக்கொண்டு திண்ணைக்கும் வராமல் கிடந்த ஒருவரிடம், நான் போட்டுக்கொடுத்த கணக்குத் தாளோடு சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்.